சந்தனம் வைத்த கார்புரேட்டர்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும், அதனால்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பின்பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்பிக்கூட விளக்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், என் சொந்தக் காரின் கார்புரேட்டரை என் சொந்த விரலாலேயே சந்தனம் வைத்து அடைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லவும் செய்தார்.

காருக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. பார்த்தால் அப்படித் தெரியாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் நல்லபடியாகத்தான் செய்து அனுப்பியிருக்கிறார்கள், மிச்சமெல்லாம் என் கைங்கரியம். நிறம் பச்சை. எந்தப் பச்சை என்பதில் இதுவரை பெயின்ட் அடித்த மூன்று பேருக்கும் மூன்று கருத்து. எட்டு வருஷத்துக்கு முன்னால் அரூரில் ஒரு வீட்டு முருங்கை மரத்தடியில் நின்றதை, லாரியில் ஏற்றி நல்லம்பள்ளிக்குக் கொண்டுவந்தேன். லாரியிலிருந்து இறக்கியபோது என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "வூட்டுக்கு ஓடற வண்டி ஒண்ணு இருக்குது. இப்ப ஓடாததும் ஒண்ணு ஆச்சு" என்றாள். ஓடுவது அவளுடைய ஸ்கூட்டர்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மெக்கானிக் ஆனேன். புத்தகம் வாங்கினேன், வீடியோ பார்த்தேன், ஒரு இரும்புப் பெட்டி நிறைய ஸ்பானர் வாங்கினேன். என்னிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்பானரையும் சோப்பு எண்ணெய் போட்டுத் துடைத்து, எண் வரிசைப்படி பெட்டிக்குள் அடுக்கிவிடுவேன். வருஷா வருஷம் பூஜைக்கு வைத்த பொட்டை மட்டும் அழிக்க மனசு வராது, அதைச் சுற்றித் துடைப்பேன். ஒவ்வொரு ரிப்பேருக்கும் பிறகு இரண்டு மூன்று போல்ட்டுகள் மிஞ்சும். அவற்றை ஓர் ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன். ஜாடி நிறைந்துவிட்டது, கார் இன்னும் ஓடுகிறது. அப்படியானால் செய்தவர்கள்தான் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜையன்று காலையில், லீவு நாளாயிற்றே என்று கார்புரேட்டரைக் கழற்றினேன். அன்றைக்குச் செய்யக் கூடாத வேலை அதுதான். பதினொரு மணிக்குப் பூஜை. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது என்பது எல்லார் வீட்டுச் சட்டம். பத்தே முக்காலுக்கு கார்புரேட்டர் பதினேழு துண்டாக, பெட்ரோலில் குளித்து, ஒரு தாம்பாளத்தில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. பித்தளைத் துண்டுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பக்தி வந்துவிட்டது. ஸ்பானரோடு தாம்பாளத்தையும் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, துண்டு துண்டாகப் பொட்டு வைத்தேன்.

மனைவி பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தாள். "ஏங்க, அந்தப் பொடிசுக்கெல்லாம் எதுக்குங்க? பெருசு பெருசா நாலுக்கு வெச்சா போதாதா?"

"சாமிக்கு முன்னால பெருசு என்ன, பொடிசு என்ன?"

"சரி, பொரி நமுத்துப் போறதுக்குள்ள முடிங்க."

அந்தப் பொடிசுகளில் ஒன்றுக்குப் பெயர் ஜெட். சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைத் திருகு, நடுவில் குண்டூசிகூட நுழையாத ஓட்டை. கார் வேகமெடுக்க வேண்டுமென்றால் பெட்ரோல் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும். பொட்டு வைக்க இவ்வளவு வாகான இடம் வேறு எங்கும் இல்லை. நட்ட நடுவில், குழிவாக, பொட்டுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

மறுநாள் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டினேன். அன்றைக்குப் போல்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாதனை என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து கார் ஒரு புதுக் குணத்தைக் காட்டியது. முப்பது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் பரம சாது. அதற்கு மேல் மிதித்தால் இரண்டு தடவை இருமும், ஒரு தடவை குலுக்கும், நின்றுவிடும். கொஞ்சம் ஆறப் போட்டுக் கிளப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி முப்பதில் போகும்.

பிளக் மாற்றினேன். பாயின்ட் செட் மாற்றினேன். காயில் மாற்றினேன். பெட்ரோல் பம்ப்பைப் பிரித்து மூடினேன். டேங்க்கை இறக்கி, குலுக்கி, கழுவி, வெயிலில் காய வைத்தேன். டீக்கடைக்காரர், "ஒயர எலி கடிச்சிருக்கும் சார்" என்றார். ஒயரையும் மாற்றினேன். எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர், இப்போதெல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், பழைய வண்டிக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கருத்துச் சொன்னார். இந்தக் கருத்து எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. குற்றத்தை என் வீட்டு வாசலிலிருந்து டெல்லிக்கே கொண்டுபோய்விட்டது. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் நாட்டின் எரிபொருள் கொள்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று வாரத்தில் காரில் நான் தொடாதவை இரண்டுதான்: பின்சீட்டும் கார்புரேட்டரும். பின்சீட்டில் கோளாறு வர வாய்ப்பில்லை. கார்புரேட்டரை நானே சுத்தம் செய்திருந்தேன்.

இதற்கிடையில் பொம்மிடிக்குப் பக்கத்தில் என் மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், புது வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அவர்கள் வீட்டு வழக்கப்படி புது வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்துப் பால் காய்ச்ச வேண்டியவள் கூடப் பிறந்தவள். குத்துவிளக்கு, பித்தளைக் குடம், பால் பானை எல்லாம் அவள்தான் கொண்டுபோக வேண்டும். அண்ணன் அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து என் மனைவி இதற்காகக் காத்திருக்கிறாள்.

"கால் டாக்ஸி சொல்லிடுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "வாசல்ல கார் நிக்குது. வாடகை வண்டியில போய் எறங்கினா உங்க அண்ணன் என்ன நெனைப்பாரு?"

"நேரத்துக்கு வந்துட்டாங்கன்னு நெனைப்பாரு."

"ஒரு பழைய கார்ல போய் எறங்கறதுல ஒரு கம்பீரம் இருக்கு."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அண்ணியோட தங்கச்சி மொத நாளே வந்து டேரா போட்டுருவா. நான் அஞ்சு நிமிசம் பிந்தினா, தீப்பெட்டிய அவ எடுத்துருவா. அப்புறம் ஆயுசுக்கும் அந்த வூட்டுல பால் காய்ச்சினவ அவதான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"சரி. உங்க வண்டியிலயே போலாம். முகூர்த்தத்துக்குக் கொண்டுபோய் சேர்த்துட்டீங்கன்னா இனிமே அந்த வண்டியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். சேர்க்கலைன்னா, மறுநா திங்கக்கிழமை. பழைய இரும்புக்காரரு."

பழைய இரும்புக்காரர் திங்கள்தோறும் எங்கள் தெருவுக்கு ஒரு குட்டியானை வண்டியில் வருவார். இரும்பு, பித்தளை, ஈயம் என்று ஒலிபெருக்கி பாடிக்கொண்டே வரும். எங்கள் வாசலுக்கு வந்ததும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, காரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். எட்டு வருஷமாக அவரும் காத்திருக்கிறார்.

ஒப்புக்கொண்டேன். என்னிடம் ஒரு ரகசியத் திட்டம் இருந்தது. கார் முப்பதுக்குக் கீழே நிற்பதில்லை. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் கணக்குச் சரியாக வரும். ரிப்பேர் செய்ய முடியாததை அட்டவணை போட்டுச் சமாளிப்பது ஆசிரியர்களின் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழே முக்காலுக்கு, பட்டுப்புடவையும் மல்லிகையுமாக அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பால் பானை மடியில், விளக்கும் குடமும் பின்சீட்டில். முதல் அரைமணி அமைதியாகப் போனது.

"என்னங்க, டிராக்டர் முந்திட்டுப் போவுது."

"வயசான வண்டி. வெரட்டக் கூடாது."

இன்னும் கொஞ்ச தூரம் போனது. "இப்ப சைக்கிளும் முந்துது."

"அவன் எறக்கத்துல வரான்."

"நாமளும் அதே எறக்கத்துலதாங்க வரோம்."

இறக்கம் முடிந்தால் மேடு வரும் என்பதை என் அட்டவணையில் சேர்க்க மறந்திருந்தேன். மேட்டில் முப்பதிலேயே போக வேண்டுமானாலும் மிதித்துத்தான் ஆக வேண்டும். ஈர்ப்பு விசையும் நான் நடத்துகிற பாடம்தான். பாதி மேட்டில் கார் இரண்டு தடவை இருமியது, ஒரு தடவை குலுக்கியது. நான் மனசுக்குள் வேண்டிக்கொள்வதற்குள் நின்றுவிட்டது.

அவள் பானையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப்போய், சாலையோரம் ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடை கொடுத்தாள். ஹேண்ட்பிரேக் நான் சரி செய்தது என்பது அவளுக்குத் தெரியும். நான் பானெட்டைத் திறந்து, எல்லாரும் செய்கிற மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை கிளப்பினேன். கிளம்பும், இரண்டு அடி போகும், நிற்கும். மணி எட்டு நாற்பது.

அப்போது பின்னாலிருந்து பொம்மிடி டவுன் பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். என் மனைவி நடுரோட்டில் நின்று கையைக் காட்டினாள். பானையோடு அவள் ஏறினாள், நடத்துநர் இறங்கிவந்து குடத்தையும் விளக்கையும் வாங்கிக்கொண்டார்.

ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா, "ஏம்மா, அவரு வரலியா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"அவரு கார்ல வராருங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. ஓட்டுநர் மட்டும் சிரிக்காமல், போகும்போது மரியாதையாக ஒரு ஹாரன் அடித்தார்.

மேட்டின் அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையைத் தாண்டி வந்தது நினைவுக்கு வந்தது. வாசலில் பழைய டயர்கள் கிடந்தன. கல்லை எடுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, காரைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு இறங்கினேன். அதுவரைக்கும் அன்றைய பயணத்தில் கார் இருமாமல் போன மேட்டுச்சாலை அது ஒன்றுதான்.

மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஜெபமாலை. காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். என் நிலைமையைச் சொன்னேன். முகூர்த்தத்தைச் சொன்னேன். இரும்புக்காரரையும் சொன்னேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, நான் வண்டியில கை வைக்கறதில்லைங்க சார். கோயிலுக்குப் போன சட்டை வேற. நான் சொல்றேன், நீங்க கழட்டுங்க" என்றார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "மொதல்ல வண்டிக்கு என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. மறைக்காம சொல்லணும்."

அவர் கேட்ட தோரணையில் எனக்கு மண்டியிட வேண்டும் போல இருந்தது. பிளக், பாயின்ட், காயில், பம்ப், டேங்க், ஒயர் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எத்தனாலையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கார்புரேட்டர்?"

"அதுல பிரச்சனை இல்லைங்க. நானே பிரிச்சு கிளீன் பண்ணினது."

கண்ணைத் திறந்தார். "அப்ப அதத்தான் கழட்டணும்."

கழற்றினேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அந்த ஸ்க்ரூ இல்ல சார், பக்கத்துல... எதிர்ப்பக்கம் திருப்பறீங்க... இப்ப சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெட் கையில் வந்தது.

"வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலிங்க."

"ஜெட்டுல வானம் தெரியணும் சார்."

நான் ஒரு கம்பியைத் தேடினேன். "கம்பி விடாதீங்க, ஓட்டை பெருசாயிடும்" என்று தடுத்து, மூலையிலிருந்த தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியைச் சீவிக் கொடுத்தார். பதமாக உள்ளே விட்டுத் தள்ளினேன். என் உள்ளங்கையில் கடுகளவு ஒன்று விழுந்தது. மஞ்சளாக இருந்தது. ஒரு முனை மட்டும் சிவப்பு.

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"சார்... சந்தன வாசம் வருது."

எனக்கு அந்தப் பொரியும் தாம்பாளமும் பக்தியும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. "ஆயுத பூஜைக்கு" என்றேன்.

"கார்புரேட்டருக்கா?"

"எல்லாத்துக்கும் வெச்சேன்."

"ஜெட்டுக்குமா?"

"அது முக்கியமான பாகம் இல்லைங்களா?"

அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் சிரித்தார். கரண்டி கீழே விழுந்த சத்தமும் கேட்டது. மெக்கானிக் என் தோளைத் தட்டினார். "நாங்களும் வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்கத்தான் செய்யறோம் சார். பானெட்ட மூடிட்டுத் தெளிப்போம்."

மாட்டி முடித்தபோது ஒன்பதே கால். அதற்கப்புறம் அந்தக் கார் ஓடிய ஓட்டத்தை நான் வர்ணித்தால் தற்பெருமையாகிவிடும். ஐம்பதைத் தொட்டது, அறுபதைத் தொட்டது. மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸை, பொம்மிடிக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் பிடித்துவிட்டேன். பக்கத்தில் போய் ஹாரன் அடித்து, இறங்கி வா என்று கையைக் காட்டினேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போங்க போங்க என்று அவளும் கையைக் காட்டினாள். பஸ்ஸுக்குள்ளிருந்து இன்னும் நாலைந்து கைகள் அதையே காட்டின.

ஆகவே முகூர்த்தத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது கார்தான். தலையில் துண்டு கட்டியிருந்த மைத்துனர் ஓடிவந்து கதவைத் திறந்தார். முன்சீட்டைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. தங்கச்சி எங்க?"

"பஸ்ல வராங்க மச்சான்."

அவர் மறுபடியும் காலியான நாலு சீட்டைப் பார்த்தார். "ஏன் மாப்ள, கார்ல எடம் பத்தலீங்களா?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். புது அடுப்புக்குப் பக்கத்தில் அண்ணியின் தங்கை நின்றுகொண்டிருந்தார். கையில் தீப்பெட்டி. "அவங்க வரலைன்னா பரவால்லீங்க, நல்ல நேரம் போயிடக் கூடாது பாருங்க" என்றார் என்னிடம். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாடத்தை வேண்டுமென்றே இழுத்தேன். புது வீட்டின் காற்றோட்டம் பற்றி, ஜன்னல்கள் எதிரெதிரே இருப்பதன் பயன் பற்றி, அழுத்த வேறுபாடு பற்றி அந்த அம்மாவுக்கு விளக்கினேன். பத்து மணிக்குத் தெருமுனையில் பஸ் நின்றது. பானையோடு என் மனைவி வந்தாள். மூச்சு வாங்கியது, மல்லிகை பாதி இல்லை. தீப்பெட்டியைக் கேட்காமலேயே வாங்கினாள். பத்தே காலுக்குப் பால் பொங்கி வழிந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது, ஒரு பழைய காரை இழப்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்றுகூட எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

திரும்பி வரும்போது காரிலேயே வந்தாள். மேட்டை இறங்கி, கொட்டகையைத் தாண்டினோம். மெக்கானிக்கின் மனைவி வாசலிலிருந்து கையாட்டிச் சிரித்தார்.

"யாருங்க அவங்க? எதுக்குச் சிரிக்கறாங்க?"

வேறு வழியில்லை, சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

"பொடிசுக்கெல்லாம் வேணாம்னு சொன்னனா இல்லையா?"

"சொன்ன."

அதற்கப்புறம் வீடு வரும் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் இரும்பு, பித்தளை, ஈயம் என்று சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் கூடியது. மனைவி வெளியே போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கார் நேரத்துக்குப் போய்விட்டது, ஆனால் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பஸ். இந்த வழக்கில் தீர்ப்பு எந்தப் பக்கமும் போகலாம்.

"அண்ணா, காரு இருக்கட்டுங்க" என்று அவள் சொல்வது கேட்டது. "அது பாவம், அதும்மேல ஒரு தப்பும் இல்ல. இந்த ஸ்பானர் பொட்டி இருக்குது பாருங்க, இத எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. எல்லாம் சரியாயிடும்."

நான் வெளியே வருவதற்குள் இரும்புக்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரு ஸ்பானரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வரிசையாக அடுக்கியிருந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு என்னைக் கேட்டார்:

"ஏங்க சார், ஒண்ணுலயும் கிரீஸே காணோம், பூராவும் சந்தனமா இருக்குது. பூஜைக்குன்னே வாங்கி வெச்சதுங்களா?"